நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது

ஆழிமுத்து கடற்கரை விடுதியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எல்லாம் இலவசம். அதற்கு மேல் வயது இருந்தாலும் தவறில்லை. கூடுதலாக இருப்பதை வரவேற்பறையில் ஒரு துண்டால் துடைத்து எடுத்துவிடுவார்கள். கூட வந்தவர்களில் ஒருவர் அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். கிளம்பும்போது அதே துண்டால் குழந்தைக்குத் திரும்பத் துடைத்துவிடுவார்கள். அவ்வளவுதான் விதி. சுவரில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். படித்தேன். தெளிவாகத்தான் இருந்தது.

மருமகள் சுகந்திதான் இந்த இடத்தைப் போனில் பார்த்துப் பிடித்தாள். "குடும்பத்தோட போற இடம் மாமா. எல்லாமே உள்ளே சேர்த்தி" என்றாள். எனக்குக் கடல் வேண்டியிருக்கவில்லை. ஆரணி–வேலூர் தடத்தில் முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவன். ஆடிக்கொண்டே நின்றது போதும். ஆனால் மூன்று நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். என்னை உள்ளே வைத்துப் பூட்ட முடியாது. மகன் குணசேகரன் வண்டியை எடுத்தான். ஏறினேன்.

பேத்தி தன்ஷிகா பின்சீட்டில் என்னோடுதான் உட்கார்ந்து வந்தாள். பேசவில்லை. ஐந்து மாதமாக அவள் என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. டிவி ரிமோட்டைப் பிடுங்கியதால் இருக்கும் என்று ரிமோட்டைக் கையிலேயே கொடுத்தேன். வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டாள். சைக்கிள் கேட்டு மறுத்ததால் இருக்கும் என்று சைக்கிள் வாங்கி நிறுத்தினேன். அதில் இப்போது துணி காய்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். கேட்டால் தலையை ஆட்டுவாள். வாயைத் திறக்க மாட்டாள். நானும் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனாலும் ஐந்து மாதம் என்பது கொஞ்சம் அதிகம்.

வரவேற்பறையில் ஒரு பெண் இருந்தாள். சட்டையில் பெனிட்டா என்று பெயர் குத்தியிருந்தது.

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது" என்றாள் சுகந்தி.

இந்த வாக்கியத்தை முப்பத்திரண்டு வருடம் கேட்டிருக்கிறேன். 'நாலு' என்கிற இடத்தில் குரல் கொஞ்சம் ஏறும். தாயின் கை பிள்ளையின் தோளை அழுத்தும். பிள்ளை பாவாடைக்குள் முழங்காலை மடக்கிக் குட்டையாகும். அரும்புமீசை முளைத்தவனெல்லாம் மடியில் உட்கார்ந்து அரை டிக்கெட்டில் வரப் பார்த்திருக்கிறான். ஒருத்தரையும் விட்டதில்லை. பல்லைக் காட்டச் சொல்வேன்.

"ஆறு முடிஞ்சு ஏழு" என்றேன்.

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றான் குணசேகரன்.

"பரவால்ல சார், எத்தனை வேணா இருக்கட்டும்" என்றாள் பெனிட்டா. "நாலுன்னு சொல்லிட்டீங்க, நாலாக்கிடலாம். மிச்சம் ரெண்டு வருஷம் பத்து மாசம். யார் வச்சுக்குறீங்க?"

குணசேகரன் யோசித்தான். "நான் திரும்பி வண்டி ஓட்டணும். லைசென்ஸ்ல ஒரு வயசு, மேல ஒரு வயசுன்னா வழியில நிறுத்திக் கேப்பாங்க."

"நான் முப்பத்தஞ்சையே இப்பதான் ஒருவழியா ஒத்துக்கிட்டேன்" என்றாள் சுகந்தி. "மாமா வச்சுக்கட்டும். அவருக்கு மூணு என்ன, முப்பது என்ன."

தன்ஷிகாவை மேடை மேல் உட்கார வைத்தார்கள். பெனிட்டா அலமாரியிலிருந்து நீல நிறத்தில் ஒரு துண்டை எடுத்து உதறினாள். நெற்றியிலிருந்து கீழ்நோக்கித் துடைத்தாள். முகம், கழுத்து, கை, கால். துடைக்கத் துடைக்கக் குறைந்தாள். முழங்காலுக்கு இருந்த கவுன் பாதத்தை மூடியது. கீழ்வரிசையில் விழுந்திருந்த பல் திரும்ப வந்து உட்கார்ந்தது. பெனிட்டா துண்டை நான்காக மடித்து என்னிடம் நீட்டினாள். இஸ்திரி போட்ட துணி மாதிரிச் சூடாக இருந்தது.

"நனைக்காதீங்க சார். பிழியாதீங்க. ரூம்ல துணி எடுக்க வர்றவங்ககிட்ட தவறிப் போட்டுடாதீங்க. போன மாசம் ஒருத்தர் போட்டுட்டாரு. பாப்பா வெளுத்து வந்துச்சு."

தோளில் போட்டேன். எழுபத்தொன்றாக இருந்தவன் எழுபத்து நான்குக்கு இரண்டு மாதம் குறைவாக ஆனேன். முழங்கால் அதைச் சொன்னது. கூடவே கீழ்ப்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. ஐந்தாம் வாய்ப்பாடு ராகத்தோடு வந்தது. ஜெனிஃபர் மிஸ் என்று ஒருவரை நான் பார்த்ததே இல்லை. அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தேன். என் மேல்.

"தாத்தா, தூக்கு" என்றாள் தன்ஷிகா. மேடை மேலிருந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

தூக்கினேன்.

"பாருங்க, பேசிட்டா" என்றான் குணசேகரன். சாவியை வாங்கிக்கொண்டு அறைக்குப் போனோம்.

எல்லாம் உள்ளே சேர்த்தி என்றால் எல்லாமும்தான். சாப்பாடு மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்வதில்லை. பன்னிரண்டரைக்கு ஒரு ஆள் கதவைத் தட்டி ஆளுக்கு ஒரு கிண்ணத்தில் பசி கொடுத்துவிட்டுப் போவான். வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட வேண்டும். இரண்டு மணிக்குத் தூக்கம் வரும், தட்டில் மூடி போட்டு. சுகந்தி குணசேகரனுக்கு வந்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். நான்கு மணிக்குக் கணவன் மனைவி சண்டை ஒன்று, சிறிய அளவில், அறைக்கே வந்தது. போன வாரம் வீட்டில் போட்டதைவிடத் தரமாக இருந்தது. இருவரும் பாராட்டினார்கள்.

தன்ஷிகா என்னை விடவில்லை. நாலு வயதில் அவள் அப்படித்தான் இருந்தாள். நான் பேப்பர் படித்தால் பேப்பருக்கும் எனக்கும் நடுவில் ஏறி உட்காருவாள். அதை நான் மறந்திருந்தேன்.

"தாத்தா, கடலை ராத்திரி யாரு மூடி வைப்பா?"

"அதுக்குன்னு ஆள் இருக்கும்."

"மூடலன்னா?"

"எறும்பு வந்துடும்."

தலையை ஆட்டிக்கொண்டாள். நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினாள். பத்து அடிக்கு ஒருதரம் திரும்பி "தாத்தா" என்றாள். அவளுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்வாள். ஐந்து மாதத்துக்கும் சேர்த்து அன்று மாலைக்குள் கூப்பிட்டுவிட்டாள்.

அவளோடு சரியாகிவிட்டது. என்னோடுதான் சரியாகவில்லை. லிஃப்டில் கண்ணாடி இருந்தது. அதில் நின்ற கிழவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு நானே எடுத்துப் போட்டுக்கொள்ளப் பிடிக்கவில்லை. அவனுக்கு எதற்கு என்று தோன்றியது. முகம் மழிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு மழித்தேன். இரண்டு இடத்தில் வெட்டியது. பரிதாபப்படவில்லை.

அவள் என்னோடு ஏன் பேசவில்லை என்பது இப்போது என் தோளில் கிடந்தது. ஆனால் எங்கே என்று தெரியவில்லை. வீட்டில் சாவி தொலைந்த மாதிரி. வீட்டுக்குள்தான் இருக்கிறது.

மறுநாள் காலை கடற்கரையில் ஓலைக்கூரை போட்ட நிழலுக்குப் போனேன். அங்கே என்னைப் போல ஏழெட்டுக் கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தோளிலும் நீலத் துண்டு. ஒருவர் விரலை மடக்கிக் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் பென்சிலைத் திருடிய பையனை நினைத்து அழுதுகொண்டிருந்தார். காலியாக இருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தவர் இரண்டு துண்டு போட்டிருந்தார்.

"உக்காரு" என்றார். "எத்தினி?"

"ரெண்டு வருஷம் பத்து மாசம்."

"நமக்கு ரெட்டைப் பசங்க. ஆறு வருசம். ரெண்டு பல்லு ஒண்ணா ஆடுது, முறுக்கு கடிக்க முடியல." தன் பெயர் பிச்சாண்டி என்றார். திருக்கோவிலூரில் அரிசி மில் வைத்திருந்தவர். "மொத தடவையா?"

"ஆமாம்."

"மூஞ்சப் பாத்தாலே தெரியுது. ஒன் மேல ஒனக்கே ஆவல, இல்ல?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வெக்கப்படாத. இங்க உக்காந்துருக்கறவன்ல பாதிப்பேருக்கு அதான். போன வருசம் எனக்கும் அதான். பெரியவன் ஏதோ மனசுல வெச்சிக்கினு என் கிட்டயே வரமாட்டான். துண்டப் போட்டப்புறம்தான் தெரிஞ்சிச்சி." துண்டின் ஓரத்தை எனக்குப் பிரித்துக் காட்டினார். "குறுக்கால ஓடுது பாரு நூலு. ஒரு நூலு ஒரு நாளு. கரையிலேர்ந்து எண்ணிக்கினு வா. வெரல்ல புடிச்சா அந்த நாளு வரும். எந்த நாளுன்னு தெரிஞ்சா பட்டுனு உருவிடு. அந்த நாளு போயிடும். திரும்பத் தொடைக்கும்போது அவங்களுக்குத் தெரியாது, புள்ளைக்கும் தெரியாது."

"நீங்க உருவினீங்களா?"

"உருவினேன்."

"எங்க அது?"

வேட்டியைக் கொஞ்சம் தளர்த்தி அரைஞாண் கயிற்றைக் காட்டினார். நீலமாக ஒரு நூல் முடிந்திருந்தது. "தூக்கிப் போட மனசு வரல. எனக்கு வயசுல ஒரு நாளு கூட."

"பையன் இப்ப பேசறானா?"

"பேசறானாவா? காது வலிக்கிது." கடல் பக்கம் கையை நீட்டினார். "நீச்ச மட்டும் மறந்துட்டான். அதே நாளுல கத்துக்கினு இருந்துருக்கான் போல. எனக்கு எப்பிடித் தெரியும். நான் என் பங்கத்தான் பாத்தேன்."

துண்டை மடியில் விரித்துக்கொண்டேன். ஆயிரத்துச் சொச்சம் நூல். டிக்கெட் கட்டை எண்ணிப் பழகிய விரல். அவசரப்படாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். மழை பெய்து பள்ளி விட்ட நாள். தடுப்பூசி நாள். பள்ளிக் கழிப்பறையில் பல்லி இருந்ததால் மாலை வரை அடக்கிக்கொண்ட நாள். அதில் சீக்கிரம் விரலை எடுத்துவிட்டேன். காய்ச்சல் நாட்கள் மூன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் அங்கங்கே வந்தேன். பெரும்பாலும் செருப்பாகவும் வேட்டியின் ஓரமாகவும் வந்தேன். குரல் மேலே எங்கிருந்தோ வந்தது. "ஓடாத." "தொடாத." "போய் அம்மாவைக் கேளு." இத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. கண்டக்டருக்கு "உள்ள போ, உள்ள போ" என்று சொல்வது காதில் விழாது.

வெயில் ஏறியது. பசி கொண்டு வந்து கொடுத்தார்கள். வாங்கிப் பக்கத்தில் வைத்தேன்.

மறுகரைக்கு ஒரு சாண் இருக்கும்போது ஒரு நூல் விரலில் தட்டியது. மற்றதைவிடத் தடிமன். பிடித்தேன்.

வியாழக்கிழமை. பள்ளியில் மத்தியானம் அவளுக்கு முதல் பல் விழுந்தது. கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து மடித்து அதில் வைத்தாள். பையில் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். வேனில் வேறு யாருக்கும் காட்டவில்லை. முதலில் தாத்தாவுக்குத்தான் என்று வைத்திருந்தாள். ஏன் தாத்தாவுக்கு என்றால், தாத்தா ஊரில் எல்லார் பல்லையும் பார்த்தவர் என்று நான்தான் எப்போதோ சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் ஒரு பேப்பர் இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு கை. கீழே இரண்டு கால்.

"தாத்தா, இதப் பாரேன்."

"என்ன அது?"

"பேப்பர்ல மடிச்சு வச்சிருக்கேன். பாரேன்."

"குப்பையில போடு" என்றது பேப்பர். கீழே இறங்கவில்லை.

நின்றாள். நூல் இந்த இடத்தில்தான் தடித்திருந்தது. பிறகு போய்க் குப்பைக் கூடையில் போட்டாள். தாத்தா சொன்னால் போடத்தான் வேண்டும். ஆனால் என்ன போட்டாய் என்று கேட்பார் என்று கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடும் வரை இருந்தாள். கேட்கவில்லை. சுகந்தி ஆபீஸிலிருந்து வந்து கூடையைக் கொண்டுபோய் வெளியில் கொட்டினாள். பல் எங்கே என்று கேட்டபோது ஸ்கூலில் விழுந்துவிட்டது என்றாள்.

அவ்வளவுதான். ரிமோட்டும் இல்லை, சைக்கிளும் இல்லை.

நூலை விட்டேன். பிச்சாண்டி என் முகத்தைப் பார்த்தார்.

"கெடச்சிதா?"

"கிடைச்சுது."

"உருவுய்யா. ஒரு நாளுதான. ஆயிரத்துல ஒண்ணு."

உருவினால் நாளைக்கு அவள் ஏழாம் வயதுக்குப் போனாலும் இன்றைக்குப் போலவே "தாத்தா" என்பாள். உருவாவிட்டால் வாயை மூடிக்கொள்வாள். எனக்கு எழுபத்தொன்று. இப்படியே எத்தனை மாதம் போகும் என்று தெரியாது. நூலின் முனையை நகத்தால் கிளப்பினேன். சுலபமாக வந்தது. ஒரு சாண் வெளியே இழுத்துவிட்டேன்.

பிறகு நீச்சல் நினைவுக்கு வந்தது. என் பங்கை மட்டும் பார்த்துவிட்டு ஒரு நாளை இறக்கிவிடுவது முறையில்லை. வெளியே வந்த ஒரு சாணையும் விரலில் சுற்றி இன்னொருதரம் பிடித்தேன். அவசரமில்லாமல் பார்த்தேன்.

அவள் பேப்பருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். 'குப்பையில போடு' ஆகிவிட்டது. கையில் பல் இருந்தது. போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கண்ணுக்கு நேராகப் பேப்பரின் வெளிப்பக்கம் இருந்தது, பெரிய எழுத்தில். அவள் படிப்பது இங்கிலீஷ் பள்ளியில். தமிழ் எழுத்தைத் தனித்தனியாகத் தெரியும். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். க. ன. ம. அடுத்தது ழை. திரும்பச் சொன்னாள். மூன்றாவது தடவை ஒட்டிக்கொண்டது. கனமழை. உதட்டுக்குள் சொன்னாள். கனமழை.

அவளாகத் தமிழில் படித்த முதல் வார்த்தை அது. வீட்டில் யாருக்கும் தெரியாது. பேப்பரின் இந்தப் பக்கம் நான் இருந்தேன். எனக்கும் தெரியாது.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் ஒரு முள்கரண்டி எடுத்து வந்தேன். நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினேன். இழுக்க ஒரு நிமிடம் ஆனது. தள்ள இரண்டு மணி நேரம் ஆனது. பிச்சாண்டி பார்த்துக்கொண்டே இருந்தார். "பொழைக்கத் தெரியாதவன்" என்றார். பிறகு துண்டின் அந்த முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் மாலை ஆகியிருக்கும்.

மிச்ச நேரம் முழுக்கத் தன்ஷிகா எதையாவது கொண்டு வந்து காட்டிக்கொண்டிருந்தாள். நாலு வயதின் வேலை அது. ஒரு கிளிஞ்சல். பார்த்தேன். நண்டின் கால். பார்த்தேன். சோடா மூடி. திருப்பிப் பார்த்தேன். யாருடையதோ ஒரு இடதுகால் செருப்பு.

"இதப் பாரு தாத்தா."

"பாக்குறேன்."

"இன்னும் பாரு."

வார் அறுந்து தைத்திருந்தது. குதிகால் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. போட்டவர் வலதுபக்கம் சாய்ந்து நடப்பவராக இருக்கலாம். அவள் போதும் என்று சொல்லும்வரை பார்த்தேன். இருபது நிமிடம் ஆனது. செருப்பைத் தேடி வந்தவர் ஒற்றைக் காலோடு ஓரமாக நின்று காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. நல்ல வெயில். வேர்வை துண்டில் இறங்கியது.

மூன்றாம் நாள் காலை கிளம்பினோம். வரவேற்பறையில் பெனிட்டா துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேர்வை சேர்ந்திருக்கு சார். அது பிரியாது. பாப்பாவுக்குப் போயிடும்."

"போகட்டும்."

"ஓரத்துல ஒரு நூல் நெளிஞ்சிருக்கு."

"இருக்கட்டும். உள்ளேதான் இருக்கு."

சுகந்தி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். இரண்டு நாளில் அவள் முகத்துக்கு ஒரு தெளிவு வந்திருந்தது. "ஏங்க" என்றாள் கணவனிடம். "கொஞ்ச நாள் நாலாவே இருந்துட்டா என்ன? போன் கேக்க மாட்டேங்குறா, ஹோம்வொர்க் இல்ல, சொன்னவுடனே தூங்குறா. மாமா மடியிலயே கெடக்குறா."

"ஸ்கூலுக்கு யார் போறது?"

"மாமா போகட்டும். ஒண்ணாங்கிளாஸ் முழுக்க அவர்கிட்டதான இருக்கு. வீட்ல சும்மாதான இருக்காரு."

குணசேகரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "யூனிஃபார்ம் தைக்கணும்" என்றான்.

"அதுவும் இங்க உண்டு சார்" என்றாள் பெனிட்டா. "சில பேர் துண்டைத் திரும்ப வாங்கிக்கவே மாட்டாங்க. அப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்க." பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து காட்டினாள். மேலிருந்து கீழ் வரை நீலத் துண்டுகள், மடித்து அடுக்கியிருந்தன. சிலவற்றில் தூசி. "தோள்ல போட்டிருக்கவங்க சொல்றதுதான் முடிவு. வேணும்னா இங்க ஒரு கையெழுத்து."

பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

யோசித்தேன். ஜெனிஃபர் மிஸ்ஸை எனக்குப் பிடிக்கும். முன் பெஞ்சு. ஐந்தாம் வாய்ப்பாடு தண்ணீர் பட்ட பாடு. பள்ளி விட்டு வந்தால் வாசலில் இவள் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள், தூக்கு என்று. பல்லியைத்தான் சமாளிக்க வேண்டும். ஒரு குறையும் இல்லை. பேனாவை வாங்கியும் விட்டேன்.

"தாத்தா" என்றாள் தன்ஷிகா இடுப்பிலிருந்து.

அந்த வார்த்தை என்னிடம் இருந்தது. அவளுடையது. கனமழை.

பேனாவை வைத்துவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தேன். "துடைங்க" என்றேன்.

"மாமா, யோசிச்சு..." என்றாள் சுகந்தி.

"துடைக்கச் சொல்லும்மா."

மேடை மேல் உட்கார வைத்தார்கள். அவள் என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டாள். "நீ எங்க போற தாத்தா?" என்றாள்.

"எங்கயும் போகல. இங்கதான் நிக்கிறேன்."

பெனிட்டா இந்த முறை பாதத்திலிருந்து மேல்நோக்கித் துடைத்தாள். கவுன் முழங்காலுக்கு ஏறியது. விரல்கள் நீண்டன. கீழ்வரிசையில் பல் மறைந்து அங்கே இடம் விட்டது. நெற்றி வரை துடைத்து முடித்ததும் துண்டு வெறும் துண்டானது. என் பல் ஆடுவது நின்றது. முழங்கால் இரண்டு வருடம் பத்து மாதம் இறங்கியது. ஐந்தாம் வாய்ப்பாடு ஐயைந்து இருபத்தைந்தோடு நின்றுவிட்டது. என் மேல் எனக்கு இருந்த கோபமும் போய்விட்டது. அது அவளுடையது. அவளிடம் போய்விட்டது.

அவள் என் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானாகவே மேடையிலிருந்து குதித்து இறங்கி வண்டிப் பக்கம் நடந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வெளியே வரும்போது லிஃப்டின் கண்ணாடியில் அந்தக் கிழவன் தெரிந்தான். பெட்டி கனம். மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

வண்டியில் அவள் அந்த ஜன்னல் ஓரம். நான் இந்த ஜன்னல் பக்கம். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. வரும்போதும் அப்படித்தான் வந்தோம். குணசேகரன் வண்டியைக் கிளப்பினான். மணல் பாதையில் வாசல் வரைக்கும் போயிருப்போம். பின்னால் யாரோ வேகமாக வரும் சத்தம் கேட்டது. அவன் நிறுத்தினான்.

"எதையாவது மறந்துட்டோமா?" என்றாள் சுகந்தி முன்சீட்டிலிருந்து.

கடல் வந்துகொண்டிருந்தது. ஓடி வந்ததால் கொஞ்சம் நுரைத்திருந்தது. தன்ஷிகாவின் பக்கம் வந்து நின்றது. எல்லாம் உள்ளே சேர்த்தி என்று சொல்லியிருந்தார்கள். தன்ஷிகா தன் பக்கக் கதவைத் திறந்தாள்.

"சீக்கிரம் கதவைச் சாத்துங்கப்பா, ஏசி போகுது" என்றான் குணசேகரன்.

தன்ஷிகா தன் பக்கக் கதவைத் திறந்தாள். கடலைப் பார்த்தாள். இருக்கையைப் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் எட்டி முழங்கையால் என்னை இடித்தாள்.

"தாத்தா, நகரு."

"எவ்வளவு?"

"நல்லா நகரு."

கதவோடு ஒட்டிக்கொண்டேன். அவள் நடுவில் வந்து என்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். இடம் அவ்வளவுதான் இருந்தது. கடல் ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தியது. வண்டி ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, சமமானது.

மரக்காணம் தாண்டினோம். அவள் தலை என் தோளில் கிடந்தது. தூங்கவில்லை. கடல் ஜன்னல் வழியாக வயலையும் பனைமரத்தையும் பார்த்துக்கொண்டு வந்தது. திண்டிவனத்தில் வண்டியை நிறுத்தினான் குணசேகரன். நான்கு டீயும் ஒரு பாலும் சொன்னேன். கடல் தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்றது.